கையால் எழுதிய ஒரு வரிக்கு என்ன கட்டணம்

போன மாதம் ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், புதிதாகத் தபால் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இலையில் பருப்பு விழுமுன் கேள்வி விழுந்தது. கட்டணம் குறைவாக ஒட்டிய தபால் வந்தால் குறைச்சலுக்கான காசை வாங்குகிறவரிடம் கேட்கச் சொல்கிறார்களே, அவர் என்ன தப்பு செய்தார், அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது என்றாள். நல்ல கேள்வி. ஆனால் அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினால் பாயசம் போய்விடும் என்று தோன்றியது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவளோடு சேர்த்து, புதிதாக வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் படியுங்கள்.

உங்களுக்கு இப்போது வேலை வேறு மாதிரி. எடை மெஷினில் வைத்தால் கட்டணத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கு இருந்தது வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன விதி. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் அஞ்சலாபீஸ் தனியாகவும் வெள்ளைக்காரனின் தபாலாபீஸ் தனியாகவும் இருந்தனவாம். நான் சேர்ந்தபோது ராஜாவும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. விதி மட்டும் அசையாமல் இருந்தது.

அதில் ஒன்று புக் போஸ்ட் விதி. அச்சடித்த தாளை ஒட்டாத உறையில் போட்டு அனுப்பினால் கட்டணம் குறைவு. உறையை ஏன் ஒட்டக்கூடாது என்றால், நாங்கள் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். உள்ளே கையால் ஒரு செய்தி எழுதியிருந்தால் அது புக் போஸ்ட் இல்லை, கடிதம். கடிதத்துக்குள்ள கட்டணம் ஒட்டவில்லை என்றால் குறைந்ததைப் போல இரண்டு மடங்கு, வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். இதற்குப் பேரிங் என்று பெயர். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் தபால் அனுப்பியவருக்கே திரும்பும். விதியைத் திட்டுவதற்கு முன்னால் அதிலுள்ள நியாயத்தையும் பாருங்கள். அச்சடித்தது ஊருக்கெல்லாம் ஒரே பேச்சு. கையால் எழுதியது ஒருத்தருக்கு மட்டும். இரண்டும் ஒன்றல்ல என்று அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் போனது எங்கள் ஊர்க் கல்யாண வழக்கம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணக் கத்து, அதாவது அழைப்பிதழ், அடித்தால், அதைச் சொந்தக்காரருக்கு அப்படியே அனுப்ப மாட்டார்கள். அடியில் பேனாவால் ‘முந்தின நாளே வரணும்’ என்று எழுதுவார்கள். அந்த வரி இருந்தால் நீ வீட்டு ஆள், முந்தின நாள் சாயங்காலமே வந்து காய் நறுக்கலாம், சமையல்காரனோடு சண்டை போடலாம். அந்த வரி இல்லையென்றால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். அச்சில் போட்டால் ஆகாது, கையால்தான் எழுத வேண்டும். அது இல்லாத கத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கே போகாத மாமன்மார்களை எனக்குத் தெரியும். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எந்தச் சபை, எந்தச் சாதி என்றாலும் இதே கதைதான்.

நான் அப்போது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸில் போஸ்ட்மாஸ்டர். மொபைல் வீட்டுக்கு வீடு வராத காலம். ஒரு நாள் காலையில் எங்கள் போஸ்ட்மேன் சுகுமாரன் பெட்டியைத் திறந்து கொண்டுவந்து மேசையில் கொட்டினார். கட்டுக் கட்டாகக் கல்யாணக் கத்து. எல்லாம் ஒட்டாத உறை, மேலே புக் போஸ்ட் என்று எழுத்து. முத்திரை குத்தும்போது ஒன்று வழுக்கி வெளியே வந்தது. அடியில் நீல மையில் அந்த வரி. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. பாதிக்கு மேல் அப்படித்தான்.

“மேடமே, கல்யாண கத்தாக்கும். கண்டதா காட்டாண்டாம்” என்றார் சுகுமாரன், பார்க்காததுபோல விட்டுவிடலாம் என்ற அர்த்தத்தில்.

அவர் நல்ல மனுஷன். ஆனால் நான் கண்ணை மூடினால் என் கண் மட்டும்தான் மூடும். அடுத்த ஆபீஸ்காரன் கண் திறந்துதானே இருக்கும். திருவனந்தபுரத்தில் தபால் பிரிக்கிறவர்கள் இதை எடுத்துப் பேரிங் முத்திரை குத்தினால், ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலிலும் போஸ்ட்மேன் போய் நின்று, உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், காசு எடுங்கள் என்று கேட்பான். கூப்பிட்டவன் மானம் கப்பலேறிவிடும்.

அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். ஞானதாஸ். உதியன்குளங்கரையில் டயர் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரே அண்ணன், பொன்னையன். தமிழ்நாட்டு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லைக்கு அந்தப்புறம் வீடு. எங்கள் ஆபீஸிலிருந்து நடந்தால் அரை மணி நேரம். ஞானதாஸ் கல்ஃபில் இருந்தபோது அவர் மகள் ஷீபா வளர்ந்தது பெரியப்பா வீட்டில்தான். பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் அவளை உட்காரவைத்து அவர் பள்ளிக்குக் கொண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு ஞானதாஸ் ஊரோடு வந்தார். அவர்களுடைய அம்மா அவரோடு இருந்தாள், ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். அண்ணனுக்குச் சொல்லிவர ஞானதாஸ் ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் மழைக்கு எங்கேயோ ஒதுங்கி, சாவதானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான். பொன்னையன் டூட்டியிலிருந்து ஓடி வந்தபோது கல்லறையில் மண் போட்டு முடிந்திருந்தது. அவர் கல்லறைத் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. வாசலோடு திரும்பிப் போனவர்தான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. சொல்ல வேண்டிய விதத்தில் தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. அந்தக் குறை வருஷக்கணக்காக ஆறவில்லை.

இப்போது ஷீபாவுக்குக் கல்யாணம். பெரியப்பா வருவாரா மாட்டாரா என்று எங்கள் சபையில் பாதிப்பேர் கவலைப்பட்டார்கள், மீதிப்பேர் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். இந்தக் கட்டில் பொன்னையனுக்குள்ள கத்தும் இருக்குமே, அதையும் காசு கேட்டுக் கொடுத்தால் அந்த மனுஷன் என்ன நினைப்பார் என்றுதான் என் மனது முதலில் ஓடியது.

சுகுமாரனை டயர் கடைக்கு அனுப்பினேன். ஞானதாஸ் கையில் கிரீஸோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

“ஒரு வரி எழுதினதுக்கு கேஸா மேடம்? அத எழுதாம விட்டா ஆரு வருவாவ?”

நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். எனக்கும் நாக்கு நீளம்தான். ஆனால் அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். உங்கள் மச்சினன் வீட்டு வாசலில் போஸ்ட்மேன் போய்க் கையை நீட்டினால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குறைந்த தபால்தலையை எல்லாம் அவரே வாங்கி ஒட்டத் தொடங்கினார். பெட்டியில் விழுந்த தபாலை அனுப்பியவருக்குத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதற்கு மனு, அடையாளம் என்று தனி வழி உண்டு. நான் திருப்பிக் கொடுக்கவில்லை, என் மேசையிலேயே என் கண்முன் குறைச்சலை நிறைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்காக என் தலையை எடுக்க எந்த அதிகாரியும் வர மாட்டார் என்று நம்பினேன். சுகுமாரன் நாக்கு வறண்டுபோகும் அளவுக்கு நக்கி ஒட்டினார். தண்ணீர்ப் பஞ்சு பக்கத்திலேயே இருந்தது, அது வேறு விஷயம்.

முடியப்போகும்போது, அண்ணனுக்குள்ளதை இதில் காணோமே என்றேன்.

ஞானதாஸின் கை நின்றது. முதல் கத்து மூத்த ஆளுக்குத்தான் போக வேண்டும் என்று ஷீபா பிடிவாதம் பிடித்திருக்கிறாள். ‘பெரியப்பா, முந்தின நாளே வரணும்’ என்று அவளே எழுதி, வேலைக்குப் போகிற வழியில் முந்தைய நாளே தனுவச்சபுரத்தில் பெட்டியில் போட்டுவிட்டாள். அதே ஒட்டாத உறை, அதே புக் போஸ்ட் தலை.

அங்கிருந்து அந்தத் தபால் கிளம்பியாகிவிட்டது. பக்கத்துவீட்டுக்குப் போவதுபோல அது நேரே எல்லை தாண்டாது. திருவனந்தபுரம் போய், ரயில் ஏறி, நாகர்கோவில் போய், அங்கிருந்து திரும்பி வரவேண்டும். இத்தனை கை மாறும்போது யாராவது ஒருத்தர் பார்க்காமல் இருப்பாரா? மறுநாள் காலை அது பேரிங் முத்திரையோடு பொன்னையன் வாசலில் நிற்கும். அம்மா சாவைத்தான் நேராகச் சொல்லவில்லை, இப்போது மகள் கல்யாணத்துக்குக் காசு கேட்டுக் கூப்பிடுகிறான் என்று அந்த மனுஷன் நினைத்தால், உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார். ஷீபா எழுதிய வரியைப் பார்க்கக்கூட மாட்டார்.

நெய்யாற்றின்கரையில் எனக்கு ஒரு மூத்த அதிகாரி இருந்தார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது. அவருக்குப் போன் போட்டேன். அந்தப்புறத்து ஆபீஸில் சொல்லி, முத்திரையைக் கண்டுகொள்ளாமல் கொடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியில் விழுந்த தபால் வாங்குகிறவருக்குச் சொந்தம், அதைத் தடுக்கவோ அதன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவோ நீ யார், வேறொருத்தனை விதி மீறச் சொல்ல உனக்கு என்ன உரிமை, வீட்டுச் சண்டைக்குள் போகாதே, கையைக் கழுவு என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னது ஒரு சொல்கூடத் தப்பில்லை, பிள்ளைகளே. அதை நீங்களும் நன்றாக மனதில் வையுங்கள். அந்தப்புறத்து போஸ்ட்மேனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, நம் இரக்கத்துக்காக அவன் வேலையைப் பணயம் வைக்கச் சொல்லக் கூடாது. ஆனால் போனை வைத்துவிட்டு நான் யோசித்தேன். தபாலைத்தான் தொடக் கூடாது. அனுப்பிய மனுஷன் என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டிலிருந்து போன தபாலைப் பற்றி அவரிடம் பேச எந்த விதியும் தடை சொல்லவில்லை.

ஞானதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு எப்போது போய்ச் சேரும், போஸ்ட்மேன் என்ன கேட்பான், கேட்டால் என்ன ஆகும், எதையும் மறைக்கவில்லை. அவர் காசு தருகிறேன், இப்போதே கட்டிவிடுகிறேன் என்றார். இங்கே கட்ட வழியில்லை, அங்கே வாசலில்தான் என்றேன். வேறு ஆள் யாரையாவது காலையில் அனுப்பிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். கேட்ட பிறகு அவராகவே பேச்சை நிறுத்திவிட்டார்.

“அம்ம செத்தப்ப நான் ஆளை விட்டேன் மேடம். நான் போகல. இப்பம் கத்தை விட்டிருக்கேன்.”

சுகுமாரன் முத்திரைக் கட்டையைத் துடைக்கிறதுபோலத் திரும்பிக்கொண்டார். ஆறுதல் சொல்லும் நேரம் அது இல்லை. தபால் பையைக் கட்ட வேண்டும், அதை ஏற்றிப் போகும் பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கத்துக்கு முந்தி நீங்க போங்க” என்றேன்.

“அவரு கேட்டைத் திறக்கமாட்டாரு.”

“திறக்காண்டாம். வெளிய நில்லுங்க. போஸ்ட்மேன் வந்து காசு கேக்கும்போ நீங்க அங்க உண்டுன்னு அவரு காணணும். அது மதி, அது போதும்.”

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் நான் ஆபீஸில் உட்கார்ந்து செய்த வேலை எதுவும் வேலையே இல்லை. ஒரு கிழவிக்கு மணியார்டர் கொடுக்கும்போது இரண்டு தடவை எண்ணி இரண்டு தடவையும் தப்பாக வந்தது. கர்த்தரே, அந்த மனுஷன் போயிருக்கணும் என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை அந்தப்புறத்து போஸ்ட்மேன்தான் பிறகு எனக்குச் சொன்னார். அவர் போனபோது ஞானதாஸ் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். விடிந்ததிலிருந்தே நிற்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். பொன்னையன் வராந்தாவில் பேப்பரை விரித்துவைத்து அதற்குப் பின்னால் இருந்திருக்கிறார். போஸ்ட்மேனுக்குச் சங்கடம். தம்பியையும் பார்த்தார், உறையில் அச்சடித்த பெயரையும் பார்த்தார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கல்யாணக் கத்து, ஷீபா எழுத்து மாதிரி இருக்கிறது, உள்ளே ஒரு வரி எழுதிப்போட்டதால் இதைக் கடிதம் என்று எடுத்துவிட்டார்கள், அதற்குக் கொஞ்சம் காசு வரும். ஞானதாஸ் வெளியே நின்றபடியே சட்டைப் பையில் கைவிட்டார்.

பொன்னையன் எழுந்து வந்தார். “நீ எடுக்காத. எனக்கு வந்த கத்தாக்கும்” என்றார். அத்தனை வருஷத்தில் தம்பியிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

கேட்டைத் திறந்து, காசைக் கொடுத்து, உறையை வாங்கி, அங்கேயே நின்று அந்த ஒரு வரியைப் படித்திருக்கிறார். பிறகு உள்ளே போய்விட்டார். கேட்டைச் சாத்தவில்லை. ஞானதாஸ் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாராம். அதற்கு மேல் போஸ்ட்மேனுக்குத் தெரியாது, அவருக்கு வேறு வீடுகள் இருந்தன.

பந்தியில் என்னைக் கேள்வி கேட்ட பெண்ணே, இந்த போஸ்ட்மேன் உன் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லிவிட்டார். அவர் காசைக் குறைக்கவும் இல்லை, கையிலிருந்து போட்டு உபகாரியாகவும் ஆகவில்லை. எதற்காகக் காசு என்பதை முதலில் சொன்னார். அபராதம், குறைச்சல், இரண்டு மடங்கு என்று தொடங்கியிருந்தால் அந்தக் கேட் திறந்திருக்காது. உள்ளே ஒருத்தர் உங்களுக்கென்று எழுதியிருக்கிறார், அதனால்தான் இது என்று சொன்னதால் கொடுப்பவர் மனது வாங்கிக்கொண்டது. விதியை நாம் மாற்ற முடியாது. அது ஒரு வீட்டுக்குள் போகும்போது எந்தப் பேச்சோடு போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. அதுபோல விதி ஒருத்தரைக் காயப்படுத்தும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அது போய்ச் சேருமுன் யாரிடமாவது பேச முடியுமா என்று பாருங்கள். எப்போதும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். முடியாமல் போன கதைகளும் என்னிடம் உண்டு, அவற்றை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கவுன்டரில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் பொன்னையன். வெளுத்த வேட்டி, கையில் ஒரு பை, பின்னால் ரோட்டில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வீட்டு விஷயத்தில் தலையிட்டேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறாரோ, மேலே எழுதிப் போடுவாரோ என்று நினைத்தேன். வாருங்கள் மாமா என்று எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“மோளே, இனி எனக்க தம்பி எனக்கு எழுதின கத்து ஒண்ணும் இங்க வாங்காண்டாம். சொல்லதுக்கு என்னமும் உண்டெங்கில் அவன் நடந்து வரட்டு.”

சரியான தலை ஒட்டி வருகிற தபாலை வாங்க மாட்டேன் என்று சொல்ல எந்த போஸ்ட்மாஸ்டருக்கும் அதிகாரம் கிடையாது, பிள்ளைகளே. அது வெள்ளைக்காரன் காலத்திலும் கிடையாது, இப்போதும் கிடையாது. “சரி மாமா, வாங்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.